கிளாரினெட் கீக்களில் வெள்ளி முலாம் கெட்டால்: வாரன்ட்டியா, மறுமுலாமா, அப்படியே விடுவதா?

கிளாரினெட் கீக்களில், அதாவது துளைகளை மூடித் திறக்க விரலால் அழுத்தும் உலோகப் பாகங்களில், வெள்ளி முலாம் கெட்டுப்போனால் முன்னால் இருப்பது மூன்று வழிகள். வாரன்ட்டி கேட்கலாம், காசு கொடுத்து மறுபடி முலாம் பூசலாம், கண்டுகொள்ளாமல் வாசித்துக்கொண்டே இருக்கலாம். இதில் எது உங்களுக்கு என்பது முலாம் எப்படிக் கெட்டது என்பதைப் பொறுத்தது. அதைப் பார்க்காமல் கடைக்குப் போய் “முலாம் போயிடுச்சு” என்று மட்டும் சொன்னால், “உங்க கை வியர்வை சார்” என்று ஒரே வரியில் அனுப்பிவிடுவார்கள். பல சமயம் அவர்கள் சொல்வது சரியாகவும் இருக்கும்.

கீக்களின் உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர். செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றும் சேர்ந்த கலவை. பெயரில்தான் சில்வர், உள்ளே வெள்ளி கிடையாது. அதன் மேல் மின்முலாமாக ஏறியிருக்கும் வெள்ளிப் படலத்தின் கனத்தை மைக்ரானில்தான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சொல்ல வேண்டும். மலிவான சில கிளாரினெட்டுகளில் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்த கீக்கள் வரும். அவற்றுக்கு இந்த அலசலே தேவையில்லை, கெட்டால் கெட்டதுதான்.

முலாம் கெடுவதில் நான்கு வகை உண்டு. முதல் வகை வெறும் கறுப்பு. காற்றில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறுகிறது. முதலில் மஞ்சள், அப்புறம் பழுப்பு, கடைசியில் கறுப்பு. கொலுசு கறுக்கிறதே, அதே சங்கதிதான். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி, பெட்டிக்குள் இருக்கும் சில பசைகள் எல்லாம் இதை வேகப்படுத்தும். சென்னையில் கூவம் ஓரம் குடியிருப்பவர்களுக்கு இந்த வாயுவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வெள்ளி துடைக்கும் துணியால் தேய்த்ததும் பளபளப்பு திரும்பினால் முலாம் அப்படியே இருக்கிறது என்று பொருள். இதற்காக வாரன்ட்டி கேட்டுப் போகாதீர்கள்.

இரண்டாவது தேய்வு. விரல் படும் இடத்தில் மட்டும் வெள்ளி மெலிந்து, கீழே லேசான மஞ்சள் கலந்த சாம்பல் நிறம் தெரியும். வலது சுண்டுவிரல் கீக்களும் ஸ்தாயி மாற்ற இடது கட்டைவிரல் அழுத்தும் ரெஜிஸ்டர் கீயும் முதலில் தேயும். மூன்றாவது, ஊசி குத்தியது போன்ற புள்ளிகள். முலாமில் இருக்கும் நுண்துளை வழியாக வியர்வையின் உப்பு இறங்கி அடி உலோகத்தை அரிக்கும்; சில நேரம் பச்சையாகவும் கசியும். நான்காவது கொப்புளம், உரிதல். முலாம் போடும் முன் உலோகத்தைச் சரியாகச் சுத்தம் செய்யாவிட்டால் வெள்ளி ஒட்டாது. கொஞ்ச நாளில் தோல் போல எழும்பும், விளிம்பில் நகம் வைத்தால் செதிலாக வரும்.

வாரன்ட்டிக்கு உண்மையான பலம் இந்த நான்காவதில்தான். மூன்றாவதில் வழக்காடலாம், கொஞ்சம் கஷ்டம். தயாரிப்புக் குறையா, வியர்வையா என்று பிரித்துப் பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு: விரல் படாத இடங்களைப் பாருங்கள். கருவியின் மேல் பாகத்தையும் கீழ் பாகத்தையும் இணைக்கும் பிரிட்ஜ் கீ, பேட் (துளையை மூடும் மெத்தை) உட்காரும் கப்பின் அடிப்பக்கம், கீக்களைத் தாங்கும் தூண்கள். அங்கேயும் புள்ளியோ கொப்புளமோ இருந்தால் வியர்வை மேல் பழிபோட முடியாது. விரல் படும் இடத்தில் மட்டும் இருந்தால் உங்கள் வாதம் அங்கேயே பாதி போய்விட்டது.

சரி, வாரன்ட்டி கேட்பது என்று முடிவானால் யாரிடம் கேட்பது? இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தயாரிப்பாளர் தரும் வாரன்ட்டி அட்டை ஒன்று, விற்றவர் மேல் சட்டம் சுமத்தும் பொறுப்பு வேறொன்று. அட்டை பொருளிலும் வேலைப்பாட்டிலும் உள்ள குறையை மட்டும் ஏற்கும். பேட், கார்க், சாதாரணத் தேய்வு ஆகியவை வழக்கமாக விலக்குப் பட்டியலில் இருக்கும், மேற்பூச்சும் பல அட்டைகளில் அங்கேதான் இருக்கும். வெளிநாட்டில் வாங்கி, பெட்டியில் போட்டு விமானத்தில் கொண்டுவந்த கருவிக்கு இந்தியாவில் அந்த அட்டை செல்லாமலும் போகலாம். அங்கீகரித்த விற்பனையாளரிடம், வாங்கிய நாட்டிலேயே என்ற நிபந்தனையைப் பலரும் படிப்பதில்லை.

சட்டத்தின் வழி இதைவிட அகலம். இந்தியாவில் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தரத்தில் உள்ள குறைக்காக விற்றவர் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் கொடுக்க வேண்டும். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம், கடை மும்பையில் இருந்தாலும் பரவாயில்லை. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று ஒரு விதி உண்டு. அதைக் காட்டி பேண்டு செட் கலைஞர்களைக் கடைக்காரர்கள் மிரட்டலாம். சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவருக்கு அந்த விதி பொருந்தாது என்று அதே சட்டமே சொல்கிறது. ஆணையத்துக்குப் போகும் முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிடுங்கள், சில கடைகள் அந்த அளவிலேயே இறங்கி வந்துவிடும்.

லண்டனில் வாங்கியவருக்கு நிலைமை இன்னும் சாதகம். பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, முதல் 6 மாதத்துக்குள் தெரியும் குறை விற்கும்போதே இருந்ததாகவே கொள்ளப்படும். இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பாடு. ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்றவரின் பொறுப்பு 2 ஆண்டு, அதில் குறைந்தது முதல் ஓராண்டுக்கு இதே அனுமானம் உண்டு. பிரான்சில் முழு 2 ஆண்டுக்கும் உண்டு.

எங்கே கேட்டாலும் ஒரு விஷயம் மட்டும் செய்யாதீர்கள்: புகார் கொடுக்கும் முன் பாலிஷ் போடாதீர்கள். பாலிஷ் பசையில் இருக்கும் துகள் வெள்ளியையே சுரண்டும், கொப்புளத்தின் விளிம்பும் மழுங்கிப்போகும். அப்புறம் நீங்கள் தேய்த்துக் கெடுத்தீர்களா, தானாகக் கெட்டதா என்று யாராலும் சொல்ல முடியாது. பகல் வெளிச்சத்தில் படம், பில், சீரியல் எண், எழுத்தில் ஒரு மின்னஞ்சல். இந்த நான்கும் முதல் வாரத்திலேயே கையில் இருக்கட்டும். உள்ளூர் ரிப்பேர்காரர் கழற்றிப் பார்ப்பதும் அதற்கப்புறம்தான்.

மறுமுலாம் என்பது கேட்க எளிது, செய்ய அப்படி இல்லை. போம் என்ற கீ அமைப்பு கொண்ட சாதாரண பி ஃபிளாட் கிளாரினெட்டில் 17 கீ, விரல் துளைகளைச் சுற்றி 6 வளையம். அத்தனையும் கழற்றி, பேட், கார்க், தட்டை ஸ்பிரிங் எல்லாவற்றையும் எடுத்து, பழைய வெள்ளியை நீக்கி, அரித்த குழிகள் மறையும்வரை சக்கரத்தில் தேய்த்து, அப்புறம்தான் முலாம் தொட்டிக்குள் போகும். தேய்க்கும்போது அடி உலோகமும் குறைகிறது, கூர்மையான விளிம்புகள் உருண்டுவிடுகின்றன. கீயின் குழாய்க்குள் முலாம் ஏறினால் தண்டு இறுகும். திரும்பப் பொருத்தும்போது பேட் எல்லாம் புதிது, சரிபார்ப்பும் முதலிலிருந்து. ஆக முலாம் செலவோடு முழு ஓவர்ஹால் செலவும் சேரும். தூண்களை மரத்திலிருந்து கழற்றாமல் விட்டால், பழைய மங்கல் தூண்களுக்கு நடுவே புது கீக்கள் பளபளக்கும். பார்க்கச் சகிக்காது.

கவரிங் நகைக்கு முலாம் போடும் பட்டறையில் குறைந்த காசுக்குச் செய்துதருவதாகச் சொல்வார்கள். வெள்ளி ஏற்ற அவர்களுக்குத் தெரியும். கீ எங்கே எதோடு உரசுகிறது, எந்த இடத்தை மறைத்துவிட்டு முலாம் போட வேண்டும் என்பது தெரியாது. ஒன்றிரண்டு கீ மட்டும் மோசம் என்றால் அந்த கீயையே தயாரிப்பாளரிடமிருந்து புதிதாக வரவழைப்பது என் பார்வையில் மேல். பிரஷால் அந்த இடத்துக்கு மட்டும் வெள்ளி ஏற்றுவதும் உண்டு. படலம் மெல்லியது, விரல் படும் இடத்தில் அதிக நாள் தாங்காது.

அப்படியே விடுவதுதான் பெரும்பாலானவர்களுக்கு என் சிபாரிசு. மைக்ரான் கனமுள்ள முலாம் கீயில் இருந்தாலும் போனாலும் ஸ்வரம் மாறாது. பேட் சரியாக மூடுகிறதா என்பதுதான் கேள்வி. வாசித்ததும் மென்மையான துணியால் துடையுங்கள், பெட்டியில் கறுப்புத் தடுக்கும் காகிதத் துண்டு ஒன்று போடுங்கள். வெள்ளியை முக்கிக் கறுப்பு நீக்கும் நகைக்கடை டிப் திரவத்தை பொருத்திய கீக்கள் பக்கம் கொண்டுபோகாதீர்கள், அது பேட்டுக்குள்ளும் ஸ்பிரிங்கிலும் இறங்கிவிடும். அப்படியே விடக்கூடாதவர்கள் ஒரு கூட்டம் உண்டு: நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள். வெள்ளி போனதும் விரல் தொடுவது நிக்கல் கலந்த உலோகத்தை. அரிப்பு, சொறி வந்தால் தற்காலிகமாக நிறமில்லாத நகப்பூச்சு போட்டுக்கொள்ளலாம். நிரந்தர வழி மறுமுலாமோ புது கீயோதான். அவர்களுக்கு அந்தச் செலவு வீண் இல்லை.

அடுத்த கருவி வாங்கும்போது வெள்ளியா நிக்கலா என்று கேட்பவர்களுக்கு: பஃபே கிராம்போன் நிறுவனத்தின் ஆர்13 மாடல் இரண்டிலும் வருகிறது, யமஹாவில் 450 மாடல் வெள்ளி, 450என் நிக்கல். நிக்கல் கடினமானது, கறுக்காது, நாளாக நாளாக மங்கும். வியர்த்த விரலுக்கு வழுக்கும் என்று குறை சொல்பவர்கள் அதிகம். வெள்ளியில் பிடி நன்றாக இருக்கிறது என்பார்கள். கை அதிகம் வியர்ப்பவர், கோயில் திருவிழா, ஊர்வலம் என்று வெயிலில் நின்று வாசிப்பவர் நிக்கலே எடுக்கலாம், ஒவ்வாமை இல்லை என்றால். இருந்தால் வெள்ளி, அதோடு தினமும் துடைக்கும் பழக்கம். தங்க முலாம் கறுக்காது என்பது உண்மைதான். மிருதுவானது, அதுவும் தேயும், விலையைக் கேட்டுவிட்டு அப்புறம் யோசியுங்கள்.