பக்கத்து அறையில் சம்ப்: கரண்ட்டை நிறுத்திப் பார்க்காமல் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

மீன்தொட்டி ஹாலில், சம்ப்பும் (தொட்டித் தண்ணீர் இறங்கி வடிகட்டப்படும் இரண்டாவது தொட்டி) அதை மேலே திருப்பி ஏற்றும் மோட்டாரும் சுவருக்கு அந்தப் பக்கம் ஸ்டோர் ரூமில். நல்ல ஏற்பாடுதான். ஹாலில் சத்தம் இருக்காது, மீனைக் கலைக்காமல் வடிகட்டும் பஞ்சை மாற்றலாம், தண்ணீர் மாற்றும்போது சோபா நனையாது. ஆனால் இந்த வேலையைத் தெரியாதவரிடம் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையில் ஒரு வீட்டில் நடந்ததை அளவுகளோடு எழுதுகிறோம். செய்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை. வேறு யாரிடம் கொடுத்தாலும் இதே இடங்களில்தான் கவனிக்க வேண்டும்.

தொட்டி 6 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரம். 24 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர் என்றால் சுமார் 680 லிட்டர். சம்ப் 3 அடிக்கு 1½ அடி, உயரம் 1½ அடி. கொட்டேஷனில் இருந்தது ஒரே வரி: சம்ப், 8000 லிட்டர் மோட்டார், குழாய் வேலை, மொத்தம் இவ்வளவு. குழாயின் அளவு இல்லை, வால்வு என்ன வகை என்று இல்லை. குழாய் போட்ட அன்றே தொகையில் 90 சதவீதத்தை வாங்கிக்கொண்டார்கள். மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் சுற்றுவதைக் காட்டினார்கள். நிறுத்திக் காட்டவில்லை.

நான்காம் நாள் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரம் நின்றது. பத்து மணிக்கு ஸ்டோர் ரூம் முழுக்கத் தண்ணீர். அரிசி மூட்டையின் அடி ஊறிவிட்டது, கதவு நிலையும் உப்பிவிட்டது. ஹாலில் தொட்டியின் தண்ணீர் 6 அங்குலம் இறங்கி, உள்ளே வரும் குழாயின் முனை எங்கே இருந்ததோ அங்கே நின்றிருந்தது. போன் செய்து கேட்டதற்கு வந்த பதில்: "கரண்ட் போனா நாங்க என்ன சார் பண்றது? நான்-ரிட்டர்ன் வால்வு போட்டிருக்கோம்ல?" தண்ணீரை ஒரு பக்கம் மட்டும் விட்டு, திரும்பி வந்தால் உள்ளே இருக்கும் மடல் மூடிக்கொள்ளும் வால்வைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

கரண்ட் போவதை மனதில் வைத்துத்தான் சம்ப்பையே அளவெடுக்க வேண்டும். மோட்டார் நின்றதும் அது ஏற்றிவிட்ட குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்கும். குழாயின் முனை தண்ணீருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறதோ அவ்வளவும் காலியாகி, முனையில் காற்றுப் புகுந்த பிறகுதான் நிற்கும். இந்தத் தொட்டியின் மேற்பரப்பு 12 சதுர அடி. ஒரு அங்குலம் இறங்கினால் 28 லிட்டர், 6 அங்குலம் இறங்கினால் 170 லிட்டர். சம்ப்பில் ஓடும்போது 12 அங்குலம் தண்ணீர் நிற்கிறது, மேலே காலியாக இருப்பது 6 அங்குலம். அதில் கொள்வது 63 லிட்டர்தான். மீதி நூறு லிட்டருக்கு மேல் தரைக்குத்தான் வரும். காகிதத்தில் இரண்டு நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

நான்-ரிட்டர்ன் வால்வை மட்டும் நம்பி எந்தத் தொட்டியையும் விடக்கூடாது. உள்ளே இருக்கும் மடலில் கடுகு அளவு மணலோ, குட்டி நத்தையின் ஓடோ சிக்கினாலும் முழுதாக மூடாது. போர்வெல் தண்ணீர் என்றால் சுண்ணாம்பு படிந்து சில மாதங்களில் மடல் இறுகிவிடும். இந்த வீட்டில் கழற்றிப் பார்த்தபோது மடலுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு துணுக்குச் சரளை. அதைவிட மோசம், வால்வு பித்தளை. வீட்டு மோட்டாருக்குப் போடுவதை அப்படியே கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். பித்தளையில் தாமிரம் இருக்கிறது. அந்தத் தண்ணீரே திரும்பத் திரும்பச் சுற்றும்போது இறாலும் நத்தையும் தாங்காது. மீன்தொட்டிக் குழாயில் பித்தளை, தாமிரம், ஜிஐ மூன்றும் வேண்டாம். யுபிவிசி போதும்.

சரியான வழி எளிது. உள்ளே வரும் குழாயின் முனையை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே மட்டும் வையுங்கள். தண்ணீர் ஆழத்தில் பாய வேண்டும் என்று விரும்பினால், குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே 6 மில்லிமீட்டர் ஓட்டை ஒன்று போட வேண்டும். மட்டம் அங்கே இறங்கியதும் காற்றுப் புகுந்து இறக்கம் நின்றுவிடும். அந்த ஓட்டையைப் பாசி அடைக்கும், மாதம் ஒருமுறை குத்திவிட வேண்டும். அதனால் முனையையே உயர்த்துவதுதான் எங்களுக்குப் பிடித்த வழி.

தொட்டியிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் இறங்கும் குழாய்க்கு வருவோம். 14 அடி தூரத்துக்கு 1¼ அங்குலக் குழாய் ஒன்றே ஒன்று, வாட்டமே இல்லாமல். நடுவில் கொஞ்சம் மேடு வேறு. அந்த மேட்டில் காற்றுத் தங்கி, விட்டு விட்டுக் குடுகுடுவென்று சத்தம். படுத்து ஓடும் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலமாவது வாட்டம் வேண்டும், 14 அடிக்கு 3½ அங்குலம். 90 டிகிரி எல்போவுக்குப் பதிலாக 45 டிகிரி எல்போ இரண்டு போட்டால் அழுக்குத் தங்காது.

இறங்கும் குழாய் ஒன்று மட்டும் இருப்பது பெரிய ஆபத்து. ஒரு செடி இலை வாயை அடைத்தால் மோட்டார் தண்ணீரை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும், இறங்க வழி இருக்காது. குறைந்தது இரண்டு வேண்டும். ஒன்றில் கேட் வால்வு வைத்துக் குழாய் நிரம்பி ஓடும்படி சரிசெய்துகொள்ளலாம், சத்தமே வராது. இரண்டாவதில் வால்வே கூடாது. அதன் வாய் முதல் குழாயைவிட ஒரு அங்குலம் உயரத்தில் சும்மா இருக்கட்டும், அவசரத்துக்குத்தான் அது. இங்கேயும் ஒரு கணக்கு உண்டு. சம்ப்பில் மோட்டார் இருக்கும் அறையின் தண்ணீர் முழுதும் மேலே போனாலும் தொட்டி வழியக்கூடாது. அந்த அறை 1 அடிக்கு 1½ அடி, 1 அடி தண்ணீர் என்றால் 42 லிட்டர். இந்தத் தொட்டியில் அது 1½ அங்குலம். விளிம்புக்கு அதைவிட அதிக இடைவெளி இருக்க வேண்டும்.

மணிக்கு "8000 லிட்டர்" என்பது மோட்டார் பெட்டியில் போட்டிருப்பது, உயரமும் குழாயும் இல்லாத கணக்கு. இந்த வீட்டில் முக்கால் அங்குலக் குழாயில், ஒன்பது எல்போ தாண்டி வருகிறது தண்ணீர். முனைக்கு அடியில் 20 லிட்டர் வாளியைப் பிடித்து நேரம் பார்த்ததில் நிரம்ப 50 விநாடி ஆனது. மணிக்கு 1440 லிட்டர். தொட்டித் தண்ணீர் மணிக்கு ஏறத்தாழ இரண்டு முறைதான் சுற்றுகிறது. ஐந்து முறையாவது, அதாவது 3400 லிட்டர் வேண்டும். இதற்குப் பெரிய மோட்டார் வாங்காதீர்கள், குழாயைப் பெரிதாக்குங்கள். அதே ஓட்டத்துக்கு முக்கால் அங்குலத்திலிருந்து 1¼ அங்குலத்துக்குப் போனால் உராய்வு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகும். மின் கட்டணமும் ஏறாது.

இத்தனையையும் சரிசெய்ய முடியாமல் செய்தது இன்னொரு வேலை. சுவரை வெட்டிக் குழாயைப் புதைத்து, மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். யூனியன் (குழாயைக் கழற்றி மாட்ட உதவும் இணைப்பு) எங்குமே இல்லை. மீன்தொட்டிக் குழாய் உள்ளே வழவழப்புப் படிந்து குறுகிக்கொண்டே போகும், கழற்றித் தேய்க்க வழி இருக்க வேண்டும். செங்கல் சுவரில் வட்டமாகத் துளைத்து 4 அங்குலக் குழாய் ஒன்றை உறையாக வைத்து, அதற்குள் தொட்டிக் குழாய்களை விட வேண்டும். தூணிலும் பீமிலும் கைவைக்கக் கூடாது. மோட்டாருக்கு இரு பக்கமும், சுவருக்கு இரு பக்கமும் யூனியன்.

தொட்டிக் கண்ணாடியில் ஓட்டை போடுவது தொட்டி வாங்கும்போதே முடிய வேண்டும். அந்த ஓட்டையில் குழாயைப் பொருத்தும் டேங்க் கனெக்டரைக் கையில் வைத்து அளந்த பிறகுதான் துளைக்கச் சொல்லுங்கள். டஃபண்ட் (சூடேற்றிக் கடினமாக்கிய) கண்ணாடியைத் துளைத்தால் சுக்குநூறாகும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த பாத்ரூம் சிலிக்கான் மீனுக்கு விஷம், டியூபில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஸ்டோர் ரூமில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றும், அந்த லைனுக்கு, மின்கசிவு ஏற்பட்டால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியும் கட்டாயம். ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் மோட்டார் உறுமிச் சூடாகும். சைன் வேவ்தான் வேண்டும். இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றைத் தொட்டியில் போடுங்கள்.

மீன் விடுவதற்கு முன், வேலை செய்தவரை எதிரே வைத்துக்கொண்டு சோதியுங்கள். மோட்டார் ஓடும்போது சம்ப்பில் நீர்மட்டத்துக்கு ஒரு டேப் ஒட்டுங்கள். நான்-ரிட்டர்ன் வால்வு இருந்தால் அதன் மடலைக் கழற்றிவிட்டு ஸ்விட்சை அணையுங்கள். அரை மணி நேரம் காத்திருங்கள். சம்ப் விளிம்புக்கு இரண்டு அங்குலம் கீழே தண்ணீர் நின்றால் சரி. அந்த மட்டத்துக்கும் ஒரு டேப். மறுபடி ஸ்விட்சைப் போட்டால் ஐந்து நிமிடத்தில் பழைய கோட்டுக்கு வர வேண்டும். இதை மூன்று முறை செய்யுங்கள். பிறகு முதல் இறங்கு குழாயின் வாயை ஒரு துணியால் அடைத்து, அவசரக் குழாய் ஒன்றே முழு ஓட்டத்தையும் தாங்குகிறதா என்று பாருங்கள். 24 மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ தாள் வைத்துக் கசிவு பாருங்கள். தொகையில் கால் பங்காவது அதுவரை உங்கள் கையில் இருக்கட்டும்.

அந்த வீட்டில் டைல்ஸை உடைத்துக் குழாயை மாற்றியாகிவிட்டது. முனை நீர்மட்டத்துக்கு அரை அங்குலம் கீழே வரை உயர்ந்துவிட்டது. இப்போது கரண்ட் போனால் சம்ப்பில் 4 அங்குலம் ஏறி நிற்கிறது, விளிம்புக்கு இன்னும் 2 அங்குலம் இருக்கிறது.