தலைக்குள் கம்பி, நெஞ்சில் பெட்டி: வலிப்புக்கு டிபிஎஸ் வைத்துச் சில வருடங்கள் கழித்து

டிபிஎஸ் என்றால் மூளைக்குள் கம்பி இறக்கி மின்துடிப்பு கொடுக்கும் சிகிச்சை. அதைச் செய்துகொண்ட என்னிடம் "வலிப்பு நின்றுவிட்டதா?" என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நிற்கவில்லை, குறைந்திருக்கிறது. அதைவிட முக்கியம், கீழே விழுந்து மண்டையை உடைத்துக்கொள்வது மிகவும் குறைந்திருக்கிறது. அடியோடு நின்றுவிடும் என்று நம்பி நிலத்தை விற்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும்.

எனக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே ஃபிட்ஸ். கார்பமாசெபைன், வால்ப்ரோயேட், லெவெட்டிராசெட்டம், குளோபாசம் என்று தனித்தனியாகவும் சேர்த்தும் சாப்பிட்டுப் பார்த்தாயிற்று. பொருத்தமான இரண்டு மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் அடங்கவில்லை என்றாலே அது மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு. வலிப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் இந்த ரகம். இப்படிப்பட்டவர்களுக்கு, வலிப்பு கிளம்பும் இடத்தை வெட்டி எடுக்க முடியுமா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். முடிந்தால் அதைத்தான் செய்துகொள்ள வேண்டும், டிபிஎஸ் பக்கம் வரவே வேண்டாம். வலிப்பு வரும்போது மூளையின் மின் அலைகளையும் உடலசைவையும் சேர்த்துப் பதிவு செய்யும் வீடியோ இஇஜி எடுத்ததில், எனக்கு இரண்டு பக்க டெம்போரல் லோபிலிருந்தும், அதாவது காதுப் பக்கத்து மூளைப் பகுதியிலிருந்தும், கிளம்புவது தெரிந்தது. இரண்டு பக்கமும் கை வைத்தால் ஞாபகசக்தி போய்விடும் என்றார்கள். அதனால்தான் டிபிஎஸ்.

மூளையின் நடுவே தலாமஸ் என்ற பகுதி இருக்கிறது. அதன் முன்புறக் கருவில், அதாவது நரம்புச் செல்கள் திரண்ட ஒரு சிறு இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்கி, காதுக்குப் பின்னால் தோலுக்கடியில் ஒயரைக் கொண்டுவந்து, காறை எலும்புக்குக் கீழே ஒரு பெட்டியில் இணைக்கிறார்கள். அது ஒரு நிமிடம் மின்துடிப்பு அனுப்பும், ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். துடிப்பு ஓடும்போது நொடிக்கு 145 தடவை. இரவு பகல் கிடையாது. எனக்கு வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவியைத் திணிக்க ஓடி வருபவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். சாவி வேண்டாம், நெஞ்சிலேயே டைட்டானியம் இருக்கிறது என்று தம்பி சொல்லிச் சிரிப்பான்.

அறுவை சிகிச்சையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தலையில் சட்டத்தை மாட்டினார்கள், மயக்கம் கொடுத்தார்கள், விழித்தபோது முடிந்திருந்தது. மொட்டைத் தலையும் சில வாரம் கழுத்து இழுத்த மாதிரி வலியும்தான் மிச்சம்.

கருவியை ஓட விட்ட பிறகுதான் விஷயமே. முதல் சில மாதம் வலிப்பு வந்த நாளுக்கு அம்மா மாதக் காலண்டரில் போட்ட சிவப்பு வட்டங்கள் கொஞ்சம்தான் குறைந்தன. ஆனால் எனக்குத் தூக்கம் கெட்டது. நடுராத்திரி காரணமில்லாமல் விழிப்பேன், காலையில் எழுந்தால் எரிச்சல். போகப் போக எதிலும் ஒட்டாமல் போயிற்று. பிடித்த சீரியலைக்கூட வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீட்டில் எல்லோரும் மாத்திரையைச் சந்தேகப்பட்டோம். டாக்டர்தான் பெட்டியைச் சந்தேகப்பட்டார். அந்தக் கரு ஞாபகமும் உணர்ச்சியும் ஓடும் பாதையில் இருக்கிறது. அங்கே துடிப்பு அதிகமானால் தூக்கமும் மனசும் ஆட்டம் காணலாம் என்றார். ராத்திரிக்கு வோல்ட்டேஜைக் குறைத்துத் தனியாக ஒரு குரூப், அதாவது இன்னொரு அமைப்பு, போட்டுக் கொடுத்தார். படுக்கப் போகும்போது ரிமோட்டில் நானே மாற்றிக்கொள்ள வேண்டும். சில வாரத்தில் தூக்கம் திரும்பியது, கொஞ்சம் தாமதமாக மனசும். இதைச் செய்து தரும் ஆள் உங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறாரா என்று முதலிலேயே விசாரியுங்கள். கம்பி வைப்பது ஒரு நாள் வேலை, அதை நமக்கேற்ப அமைப்பது வருடக்கணக்கான வேலை.

வலிப்பு குறைந்தது மெதுவாகத்தான். அமெரிக்காவில் 110 பேருக்குக் கம்பி வைத்துப் பார்த்த சான்டே ஆய்வு 2010-ல் வெளியானது. முதல் மூன்று மாதம் பாதிப் பேருக்குப் பெட்டியை ஓட விடாமலே, யாருக்கு ஓடுகிறது என்று சொல்லாமல் வைத்திருந்தார்கள். அந்தக் கட்டத்தின் கடைசியில் ஓடியவர்களுக்கு வலிப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறைவு, ஓடாதவர்களுக்கு 15 சதவீதத்துக்குப் பக்கம். இரண்டு வருடத்தில் 56 சதவீதம், ஐந்து வருடத்தில் 69 சதவீதம் குறைவு. இவை எல்லோரையும் வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரின் அளவைச் சொல்லும் இடைநிலைக் கணக்குகள். பாதிப் பேருக்கு இதைவிடக் குறைவாகத்தான் கிடைத்திருக்கும். முதல் கட்டத்துக்குப் பிறகு எல்லோருக்கும் பெட்டி ஓடியது, பின்னால் மருந்தையும் மாற்றினார்கள். எனவே ஐந்து வருடப் புண்ணியம் முழுவதையும் பெட்டிக்கே எழுத நான் தயாரில்லை. ஓடியவர்களில்தான் மனச்சோர்வும் ஞாபகக் குறைவும் அதிகம் தெரிந்தன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவில் 2018-ல்தான் அனுமதி கிடைத்தது.

என் காலண்டரும் கிட்டத்தட்ட அதே பாதையில்தான் போகிறது. இப்போது வருவது பெரும்பாலும் சின்ன வகை: கொஞ்ச நேரம் வெறித்துப் பார்ப்பேன், வாயை மெல்லுவேன், முந்தானையைப் பிசைவேன். முழு வலிப்பு அபூர்வம். மாத்திரை நிற்கவில்லை, ஒன்று மட்டும் பாதியானது. தனியாக மாடிப்படி ஏறுகிறேன், கடைக்குப் போகிறேன். ஸ்கூட்டி கிடையாது, லைசென்ஸ் விண்ணப்பத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள், பொய் சொல்ல மனசில்லை.

கோயிலிலும் விமான நிலையத்திலும் மெட்டல் டிடெக்டருக்கு முன்னால் அடையாள அட்டையைக் காட்டி, கையால் சோதிக்கச் சொல்வேன். எம்ஆர்ஐ என்றால் பெட்டியின் மாடலைச் சொல்லிக் கேட்காமல் படுக்கவே கூடாது. தோள் வலிக்குப் பிசியோதெரபி போனபோது மின்காந்த அலையால் உள்ளே சூடேற்றும் டயதெர்மி வைக்க வந்தார்கள், அம்மா கத்தி நிறுத்தினார். அந்த வெப்பம் கம்பி வழியாக மூளையைச் சுட்டுவிடும், உயிருக்கே ஆபத்து. ஈசிஜி எடுப்பவரிடமும் முதலில் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கோடுகள் தாறுமாறாக வரும்.

முதல் பெட்டி சார்ஜ் ஏற்ற முடியாத வகை. பேட்டரி தீர்ந்ததும் நெஞ்சை மறுபடி திறந்து பெட்டியை மட்டும் மாற்றினார்கள், தலையைத் தொடவில்லை. ஆனால் செலவு திரும்ப முதலிலிருந்து, காப்பீட்டுக்காரர்களோடு வாக்குவாதமும் சேர்த்து. இந்தத் தடவை சார்ஜ் ஏற்றும் வகையை வாங்கியிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மதியம் சார்ஜரைத் தோளில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நான் மறந்தாலும் அம்மா மறக்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் அதை வாங்கினோம். வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் பழைய வகையே தேவலை.