லட்சம் கெல்வின் அலுமினியமும் குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோவும்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பின்

அலுமினியத்தின் அடர்த்தி திடப்பொருளில் இருக்கும் அளவிலேயே இருக்க, வெப்பநிலை மட்டும் லட்சம் கெல்வினைத் தாண்டினால் எலெக்ட்ரான்கள் எப்படி நடந்துகொள்ளும்? வியாழன் கோளின் உட்பகுதி இதைவிடக் குளிர்ச்சிதான், ஆனால் அதே வகைப் பொருள்: அடர்ந்ததும் சூடானதும். கலிஃபோர்னியாவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் லேசர் நசுக்கும் எரிபொருளும் இந்த நிலையைக் கடந்துதான் அணுக்கரு இணைவுக்குப் போகிறது. எக்ஸ்ரே சிதறல் சோதனைகளில் தெரிவது எலெக்ட்ரான்களின் எதிர்வினைதான். அதைக் கணக்கிட நான் நெடுநாளாக நம்பியிருப்பது குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற மென்பொருளையும் அதனுள் இருக்கும் டர்போ-ஈல்ஸ் நிரலையும். முதலாவது எலெக்ட்ரான் நிலைகளை அடர்த்தி சார்புக் கோட்பாட்டில் (டிஎஃப்டி) கணக்கிடும், இரண்டாவது அவற்றின் எதிர்வினையை. இரண்டும் இலவசம், மூலநிரலும் திறந்தது.

புதிதாக வருபவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது ஸ்மியரிங், அதாவது ஆற்றல் நிலைகளில் எலெக்ட்ரான்களின் நிரப்பத்தைக் கூர்மையாக வெட்டாமல் மழுப்புவது. சாதாரண உலோகங்களுக்கு அது கணக்கைச் சீக்கிரம் ஒருங்கவைக்கும் உத்தி மட்டுமே. இங்கே அதுவே நிஜமான வெப்பநிலை. 1965இல் மெர்மின் தந்த கோட்பாட்டின்படி நிரப்பம் ஃபெர்மி-டிராக் பரவலாகத்தான் இருக்க வேண்டும். வேறு எந்த ஸ்மியரிங்கும் இங்கே செல்லாது. ஸ்மியரிங்கின் அகலத்தைச் சொல்லும் டீகாஸ் மதிப்பு ரிட்பெர்க் என்ற ஆற்றல் அலகில் என்பதால், 10 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு, அதாவது சுமார் 1,16,000 கெல்வினுக்கு, 0.735 என்று கொடுக்க வேண்டும்.

அப்புறம் பேண்டுகள், அதாவது கணக்கில் சேர்க்கும் எலெக்ட்ரான் ஆற்றல் நிலைகள். வெப்பநிலை இருமடங்கானால் தேவைப்படும் பேண்டுகள் ஏறக்குறைய மூன்று மடங்காகும். நினைவகம் நிரம்புவது இங்கேதான். உள் எலெக்ட்ரான்களைத் தனியாகக் கணக்கிடாமல் அவற்றின் விளைவை மட்டும் தரும் சூடோபொடென்ஷியலும் முக்கியம். அலுமினியத்தின் 2பி எலெக்ட்ரான்கள் சுமார் 73 எலெக்ட்ரான் வோல்ட்டில் கட்டுண்டவை. சில பத்து எலெக்ட்ரான் வோல்ட் வெப்பத்தில் அவையும் கிளம்பிவிடும் என்பதால், வெளி எலெக்ட்ரான்கள் மூன்றை மட்டும் கணக்கிடும் பொடென்ஷியலை விட்டு 11 எலெக்ட்ரான்களைக் கணக்கிடும் பொடென்ஷியலுக்குப் போயாக வேண்டும்.

டர்போ-ஈல்ஸ் எனக்குப் பிடித்துப்போனதற்குக் காரணம் லான்சோஸ் முறை, படிப்படியாகச் சங்கிலி போலத் தொடரும் ஒரு கணக்கு. காலி நிலைகளை ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டியதில்லை. எக்ஸ்ரே சிதறும்போது வரும் ஒரு உந்த மாற்றத்துக்கு ஒரே சங்கிலியில் முழு நிறமாலையும் கிடைக்கும். உந்த மாற்றம், எலெக்ட்ரான் அலைகளைக் கணக்கிட நாம் தேர்ந்தெடுக்கும் கே-புள்ளி வலையோடு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. சோதனையில் சிதறல் கோணத்தை டிடெக்டர் முடிவுசெய்கிறது, நம் வலை அல்ல. அதனால் இந்தச் சுதந்திரம் பெரிய விஷயம். ஜிபா (GPAW) என்ற இன்னொரு டிஎஃப்டி மென்பொருளில் அந்தக் கட்டாயம் உண்டு. ஆனாலும் அதன் பைத்தான் இடைமுகம் சுகமானது, சரிபார்ப்புக்கு அதையும் வைத்திருக்கிறேன்.

நான் அதிகம் கவலைப்படுவது நிறமாலை உச்சிகளை அகலப்படுத்த நாமே கொடுக்கும் எப்சில் என்ற அளவைப் பற்றி. குளிர்ந்த அலுமினியத்தில், எலெக்ட்ரான்கள் ஒன்றுசேர்ந்து அலைவதைக் காட்டும் பிளாஸ்மான் உச்சி சுமார் 15 எலெக்ட்ரான் வோல்ட்டில் கூர்மையாக நிற்கும். சூடாக்கினால் அது உண்மையாகவே அகலும். சிக்கல் என்னவென்றால், எப்சிலைக் கூட்டினாலும் உச்சி அதே மாதிரிதான் அகலும், பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அணுக்களை வைத்துக் கணக்கிடும் பெட்டி சின்னதாக இருக்கும்போது எப்சிலைக் குறைத்தால் நிறமாலை முள்முள்ளாக வரும். அதைக் கண்டு பயந்து எப்சிலை ஏற்றினால், நாம் பார்ப்பது இயற்பியலா நம் கைவேலையா என்று சொல்ல முடியாது. பெட்டியைப் பெரிதாக்கி, கே-புள்ளிகளைக் கூட்டி, அயனிகளின் பல நிலைப்படங்களைச் சராசரி எடுத்து, லான்சோஸ் சுற்றுகளையும் ஏற்றிக்கொண்டே எப்சிலை இறக்க வேண்டும். உச்சியின் அகலம் எங்கே மாறாமல் நிற்கிறதோ அதுதான் விடை. நிறமாலையின் மொத்த வலிமை எலெக்ட்ரான் எண்ணிக்கைக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்ற எஃப்-கூட்டு விதி பொருந்துகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். எப்சில் மதிப்பைச் சொல்லாமல் பிளாஸ்மான் அகலத்தை மட்டும் தரும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

எலெக்ட்ரான்களிடையேயான வினைகளைத் தோராயமாகத் தரும் சூத்திரங்களான ஃபங்ஷனல்களில், பிபிஇ போன்ற வழக்கமானவை சுழி வெப்பநிலைக்காக உருவானவை. வெப்பநிலையைக் கணக்கில் கொள்ளும் கேஎஸ்டிடி, ஜிடிஎஸ்எம்எஃப்பி இரண்டும் லிப்எக்ஸ்சி என்ற ஃபங்ஷனல் நூலகத்தில் இருக்கின்றன. ஹைட்ரஜன், பெரிலியம் போன்ற இலேசான தனிமங்களுக்கு, ஜெர்மனியின் கோர்லிட்ஸில் இருக்கும் காசுஸ் மையத்தின் டோர்ன்ஹைம் குழு பாத் இன்டெகிரல் மான்டே கார்லோ என்ற சீரற்ற மாதிரிக் கணக்கில் தரும் முடிவுகளோடு ஒப்பிடலாம். அவற்றில் ஃபங்ஷனல் என்ற தோராயமே கிடையாது.

திட அடர்த்தியில் சில பத்து எலெக்ட்ரான் வோல்ட் வரை இந்தக் கருவியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் பேண்டுகளின் எண்ணிக்கையே ஆளை விழுங்கிவிடும். பேண்டுகளை ஒவ்வொன்றாகக் கணக்கிடாமல் சீரற்ற மாதிரிகளால் செய்யும் ஸ்டோகாஸ்டிக் டிஎஃப்டி பக்கம் போவது நல்லது.