ஸோலர் (Zoeller) எம்-53 சம்ப் பம்ப்: ரொறன்ரோ பேஸ்மென்டுக்குப் போதுமா?

போதும். ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ் பக்கத்துச் சாதாரண வீடுகளின் அத்திவாரத்தைச் சுற்றித் தேங்கி, பேஸ்மென்ட் தரையிலுள்ள குழிக்குள் வந்து சேரும் நிலத்தடி நீரை வெளியே தள்ள இந்த 1/3 குதிரைவலு பம்ப் தாராளமாகக் காணும். ஆனால் பேஸ்மென்ட் நனைந்த வீடுகளுக்குள் இறங்கிப் பார்த்தால், பெரும்பாலும் பம்ப் நன்றாகத்தான் இருக்கும். நீர்மட்டத்தோடு எழுந்து பம்பை ஓடவைக்கும் மிதவை குழிச் சுவரில் சிக்கியிருக்கும், தண்ணீர் திரும்பி விழாமல் தடுக்கும் செக் வால்வ் தலைகீழாகப் பூட்டியிருக்கும், வெளிக்குழாய் உறைந்திருக்கும், அல்லது கரண்ட் இருந்திருக்காது. ஆகவே பம்பைப் பற்றிச் சொல்வதைவிட அதைப் பூட்டும் விதத்தைப் பற்றித்தான் இங்கே கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வாங்க முன்னர் எந்தத் தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். சுவர் வெடிப்பிலும், சுவரும் தரையும் சேரும் மூலையிலும் கசிவது நிலத்தடி நீர். அதற்குத்தான் சம்ப் பம்ப். தரை வடிகாலாலும் கீழ்மாடிக் கழிப்பறையாலும் நாற்றத்தோடு மேலே வருவது தெருக் கழிவுக்குழாய் நிரம்பித் திரும்பி வரும் தண்ணீர். அதற்கு எந்தப் பம்ப் பூட்டியும் பயனில்லை; வேண்டியது பேக்வாட்டர் வால்வ், அதாவது கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பாமல் மூடிக்கொள்ளும் வால்வ். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை கொட்டியபோது பல வீடுகளுக்குள் இந்த இரண்டாவது வழியாகத்தான் தண்ணீர் ஏறியது. அந்த வால்வ் மூடியிருக்கும் நேரத்தில் உங்கள் வீட்டுத் தண்ணீரும் வெளியே போகாது. மேல்மாடியில் ஒருவர் குளித்தால் அது கீழ்மாடியில்தான் வந்து நிற்கும். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால் குடியிருப்போருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

இனி பம்ப். மோட்டார் உறையும் பம்ப் உறையும் வார்ப்பிரும்பு. மோட்டார் எண்ணெய்க்குள் இருக்கிறது. சூடு இரும்பு வழியாகச் சுற்றியுள்ள தண்ணீருக்குப் போய்விடும். அடைமழையில் மணிக்கணக்காக ஓடும்போது பிளாஸ்டிக் உடல் கொண்ட மலிவுப் பம்புகள் திணறுவது இந்த இடத்தில்தான். அடியில் சல்லடை கிடையாது, அரை அங்குலம் வரையான திடப்பொருளையும் வெளியே தள்ளிவிடும். 5 அடி உயரத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 163 லீற்றர், 10 அடிக்கு 129, 15 அடிக்கு 72. 19 அடிக்குச் சற்று மேல் போனால் தண்ணீர் ஏறாது. பெட்டியில் பெரிதாகத் தெரியும் எண்ணை நம்பி வாங்காமல் 10 அடிக்குரிய எண்ணைப் பாருங்கள். குழியின் அடியிலிருந்து குழாய் சுவரைத் துளைத்து வெளியேறும் இடம்வரை உள்ள உயரத்தோடு, முழங்கை வளைவுகளின் உராய்வையும் சேர்த்தால் நம்முடைய வீடுகளில் அநேகமாக 10, 11 அடிதான் வரும்.

இதன் பலவீனம் மிதவையின் எல்லை. தண்ணீர் 7¼ அங்குலத்துக்கு வந்ததும் ஓடத் தொடங்கி, 3 அங்குலத்தில் நிற்கும். இதைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. 18 அங்குல விட்டமுள்ள குழியில் அந்த 4¼ அங்குலம் என்பது ஏறக்குறைய 18 லீற்றர். பம்ப் அதை எட்டு, ஒன்பது விநாடியில் காலி செய்துவிடும். குழி இதைவிடச் சிறிதென்றால் ஓடுவதும் நிற்பதுமாகவே இருக்கும், சுவிட்சின் ஆயுள் அதிலேயே போய்விடும். 18 அங்குலத்துக்குக் குறைந்த குழியில் இதைப் பூட்ட வேண்டாம். அகலமான குழி தோண்ட இடமிருந்தால் தோண்டுங்கள், அந்தச் செலவு வீண்போகாது.

பூட்டும்போது குழியின் அடியில் சரளைமேல் வைக்காதீர்கள். ஒரு தட்டையான சீமெந்துக் கல்லை மட்டமாக வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். ஓடும்போது பம்ப் அதிர்ந்து மெல்லத் திரும்பும். மிதவை சுவரில் உரசினால் பிறகு எழும்பாது, அல்லது எழும்பியபடியே நின்று மோட்டாரை வெறுமனே ஓடவிடும். மிதவை குழியின் நடுப்பக்கம் பார்க்கட்டும். மின்கம்பியைக் குழாயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள்.

குழாய் 1½ அங்குல பிவிசி. அதில் செக் வால்வ் கட்டாயம், அம்புக்குறி மேல்நோக்கி. அது இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்த குழாயில் நிற்கும் மூன்று லீற்றருக்கு மேற்பட்ட தண்ணீர் குழிக்குள் திரும்ப விழும், 18 லீற்றர் இறைத்து அதில் ஆறில் ஒன்றை மறுபடி இறைப்பது போல. நிற்கும்போது 'டம்' என்று சுவர் அதிருகிறதென்றால் சுருள்வில் உள்ள சத்தமில்லா வால்வாக மாற்றலாம்.

செக் வால்வுக்குக் கீழே, குழி மூடிக்கும் கீழே, வெளியேற்றுக் குழாயில் 3/16 அங்குலத் துளை ஒன்று போட வேண்டும். உற்பத்தியாளரின் கையேட்டிலேயே இது இருக்கிறது. ஆனாலும் பலர் போடுவதில்லை. துளை இல்லாவிட்டால் பம்புக்கும் வால்வுக்கும் நடுவே காற்று அடைபட்டுவிடும். மோட்டார் இரையும், தண்ணீர் அசையாது, பம்ப் எரிந்துவிட்டது என்று நினைத்துக் கழற்றி வீசுவார்கள். துளையைக் கீழ்நோக்கிச் சாய்வாகப் போட்டால் பீச்சும் தண்ணீர் குழிக்குள்ளேயே விழும். ஓடும்போது அதிலிருந்து தண்ணீர் பீச்சுவது பிழையல்ல, அப்படித்தான் இருக்க வேண்டும். செம்மஞ்சள் நிறத்தில் கூழ்போல இரும்புப் படிவு சேரும் குழிகளில் இந்தத் துளையே அடைபடும். குழி கழுவும்போது ஒரு கம்பியால் குத்திவிடுங்கள்.

வெளியே போகும் தண்ணீர் அத்திவாரத்திலிருந்து குறைந்தது 2 மீற்றர் தள்ளி, நிலம் சரியும் பக்கமாக விழ வேண்டும். சுவரடியில் விழுந்தால் அதே தண்ணீர் அத்திவாரத்தைச் சுற்றிப் புதைத்திருக்கும் துளைக்குழாய்க்குள் (வீப்பிங் டைல்) இறங்கி மறுபடி குழிக்கு வரும், பம்ப் ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருக்கும். அதைக் கழிவுக்குழாயில் இணைக்கவும் கூடாது. ஜனவரியில் வெளிக்குழாயின் வாய் உறைந்தால் தண்ணீர் போக வழியில்லை. சுவரை விட்டு வெளியே வந்த இடத்திலேயே, குழாய் அடைபட்டால் தண்ணீரைப் பக்கவாட்டில் கொட்டவிடும் துளைகள் உள்ள இணைப்பொன்றைப் போடுங்கள். நெளிந்த பிளாஸ்டிக் குழாய்களின் மடிப்புகளில் தண்ணீர் தேங்கி முதலில் உறையும். பனிக்காலத்துக்கு முன் கழற்றிவிடுங்கள்.

கரண்ட் விஷயத்தில் இந்தப் பம்ப் தனியே நின்றால் ஆபத்துத்தான். 2013 ஜூலை 8 மழையிலேயே ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் மின் இணைப்புகள் இருளில் போயின. குழி நிரம்பும் நேரமும் கரண்ட் போகும் நேரமும் ஒன்றாகவே வரும். இது 115 வோல்டில் 9.7 அம்பியர் இழுக்கிறது, அதாவது 1,100 வொட் அளவு. தொடங்கும் கணத்தில் பல மடங்கு கேட்கும். கணினிக்கு வைத்திருக்கும் சிறிய யூபிஎஸ்ஸில் செருகி ஏமாறாதீர்கள். அதே குழியில் சற்று உயரத்தில் மிதவை உள்ள 12 வோல்ட் துணைப் பம்ப் ஒன்றை, ஆழ்மின்னிறக்க (டீப் சைக்கிள்) பற்றரியோடு பூட்டுவதே சரி. பிரதான பம்புக்குத் தனி 15 அம்பியர் சுற்று வேண்டும். நீட்டிப்புக் கம்பி வேண்டாம்.

பம்புக்கும் பேக்வாட்டர் வால்வுக்கும் ரொறன்ரோ நகரசபை மானியம் தருகிறது. கூரைப் பீலிக் குழாய்கள் சாக்கடையிலிருந்து துண்டிக்கப்பட்டிருக்க வேண்டும், வேலை செய்பவர் நகரசபை உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும், வால்வுக்குக் கட்டட அனுமதியும் எடுக்க வேண்டும். நிபந்தனைகளை வேலை தொடங்க முன்னரே வாசியுங்கள். முடித்த பிறகு திருத்த முடியாது.

யாருக்கு இது போதாது? பெருமழை பெய்து முடிந்த கையோடு பம்பின் செருகியைக் கழற்றிவிட்டு, குழியில் தண்ணீர் 1 அங்குலம் ஏற எத்தனை விநாடி ஆகிறதென்று பாருங்கள். 18 அங்குலக் குழியில் 1 அங்குலம் என்பது 4.2 லீற்றர். நான்கு விநாடிக்குள் ஏறினால், நிமிடத்துக்கு 60 லீற்றருக்கு மேல் வருகிறது. பம்பின் பலத்தில் பாதி அதற்கே போகிறது. அப்போது அதே நிறுவனத்தின் அரைக் குதிரைவலு எம்-98 பார்க்கலாம், 10 அடிக்கு அது நிமிடத்துக்கு 230 லீற்றர் தள்ளும். பத்து விநாடிக்கு மேல் எடுத்தால் எம்-53 போதும். சிறிய குழியில் பெரிய பம்பைப் போட்டால் அது இன்னும் வேகமாக ஓடி நின்று சீக்கிரம் தேயும். கடைக்காரர் வற்புறுத்தினாலும் வாங்காதீர்கள்.