முழு நாள் டெஸ்ட் பார்க்க ஹட்டனில் ஒரு தேத்தண்ணிக் கடை

ஹட்டன் பஸ் தரிப்பிடத்தில் இருந்து நடந்துபோகும் தூரத்தில், பெயர்ப்பலகை வெளுத்துப்போன ஒரு தேத்தண்ணிக் கடை இருக்கிறது. இலங்கை கிரிக்கெட் அணி வெளிநாட்டுப் பயணம் போகும் காலத்தில் டெஸ்ட் ஆட்டம் பார்க்க நான் போவது அங்கேதான். டீவி வைத்த கடைகள் டவுனில் நிறைய உண்டு. ஆனால் டெஸ்டில் நாலு ஓவர் ஓட்டமே இல்லாமல் மெய்டனாகப் போனால் போதும், யாராவது ரிமோட்டைக் கேட்பார்கள், படம் ஓடத் தொடங்கிவிடும். இந்தக் கடையில் ரிமோட் முதலாளியின் மேசை லாச்சிக்குள் பத்திரமாக இருக்கும்.

2024 நவம்பரில் தென்னாபிரிக்காவின் டர்பனில் நம்ம அணி 42 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மார்கோ யான்சன் 13 ஓட்டங்கள் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார்; இன்னிங்ஸ் 14 ஓவர்கூட நிற்கவில்லை. "மாத்துங்க முதலாளி" என்று கடையே கத்தியது. "மெட்ச் முடியட்டும், அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டு அவர் வடை போடப் போய்விட்டார். அந்த ஒரு பதிலுக்காகவே இந்தக் கடைக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன்.

நான் பாடசாலை ஆசிரியை. தேத்தண்ணிக் கடையில் ஒரு பெண் தனியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் கிரிக்கெட் பார்ப்பது நம்ம பக்கத்தில் சாதாரணமில்லை. இங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. "டீச்சர், அடுப்புப் பக்கம் உட்காருங்க, குளிருது" என்று இடம் ஒதுக்கித் தருவார் முதலாளி. கொழுந்து நிறுத்துவிட்டு வரும் அக்காமாரும் இப்போது நின்று ஸ்கோர் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். கேட்கக்கூடத் தேவையில்லை, வாசலில் ஒரு கரும்பலகை இருக்கிறது. விக்கெட் விழுந்தால் வேலைக்கு நிற்கும் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்து சோக்கால் எழுதுவான். அவுட் ஆனவர் பெயர், பக்கத்தில் பந்து வீசியவர் பெயர், கீழே பெரிதாக மொத்த ஓட்டம். மஸ்கெலியா பஸ் கொண்டக்டர் அதை எட்டிப் பார்த்து உள்ளே இருப்பவர்களுக்குச் சத்தமாகச் சொல்வார்.

கல்லாவுக்கு மேலே கண்ணாடி போட்ட பழைய பேப்பர் துண்டு ஒன்று தொங்குகிறது: 1998, லண்டன் ஓவல், இங்கிலாந்துக்கு எதிராக முரளிதரன் 16 விக்கெட். முதல் இன்னிங்ஸில் 7, இரண்டாவதில் 9. "பத்தாவதும் அவருக்குக் கிடைச்சிருக்கும், ஸ்டூவர்ட் ரன் அவுட் ஆகிட்டாரே" என்று முதலாளி இன்றும் ஆற்றாமையோடு சொல்வார். முரளி கண்டிப் பிள்ளை, அவருடைய தாத்தா தோட்ட வேலைக்கு வந்தவர். எங்களுக்கு அது பெரிய விஷயம். 2024 செப்டம்பரில் அதே ஓவலில் நம்ம ஆட்டக்காரர் பத்தும் நிஸ்ஸங்க ஆட்டமிழக்காமல் 127 அடித்து 219 என்ற இலக்கை எட்டவைத்ததை அந்தப் பேப்பருக்குக் கீழே உட்கார்ந்துதான் பார்த்தோம். தொடர் ஏற்கெனவே கைவிட்டுப் போயிருந்தது. இருந்தாலும் 2014க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் கிடைத்த முதல் டெஸ்ட் வெற்றி அது. கடை முழுக்க எழுந்து நின்றது. முதலாளி எல்லாருக்கும் பிளேன்டீ கொடுத்தார், காசு வாங்கவில்லை.

அந்தப் பிளேன்டீயைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேயிலைக்கு நடுவிலேயே வாழ்ந்தும் டவுனில் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் வெறும் சாயம். இங்கே தூள் நல்ல தூள், இஞ்சியைத் தட்டித்தான் போடுகிறார்கள். ரொட்டியும் கட்டச் சம்பலும் அருமை. ரோல்ஸ் சுமார்.

குறைகளும் இருக்கின்றன. மழை பலமாகப் பிடித்தால் டிஷ் சிக்னல் போய்விடும். அப்போது ஒரு போனைச் சுற்றி இருபது தலை. இங்கிலாந்தில் பகலுணவு இடைவேளை நமக்கு மாலை 5.30. அது முடிந்து ஆட்டம் தொடங்கும்போது இங்கே கொத்து ரொட்டி தட்டத் தொடங்குவார்கள், வர்ணனையில் ஒரு சொல் காதில் விழாது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை என்பதுதான் பெரிய குறை. முதலாளியிடம் நேராகவே சொன்னேன். பின்பக்கம் கட்டித் தருவதாகச் சொன்னார், இன்னும் கட்டவில்லை. கட்டியே ஆக வேண்டும்.

போகிறவர்களுக்கு நேரக் கணக்கு: இங்கிலாந்து என்றால் ஆட்டம் 3.30க்கு, பாடசாலை விட்டு நிதானமாகப் போகலாம். கடைசி செஷன் இரவு 10.30ஐத் தாண்டும், பஸ் இருக்காது, ஓட்டோவுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நியூசிலாந்து என்றால் நமக்கு அதிகாலை 3.30. கடை 5 மணிக்குத்தான் திறக்கும், முதல் செஷனில் கடைசி அரை மணித்தியாலம் கிடைக்கும். அந்த நேரம் ரொட்டி சுடச்சுட இருக்கும், ஆனால் சம்பல் சீக்கிரம் முடிந்துவிடும், போனவுடனே சொல்லிவிடுங்கள்.