உதட்டுப் புற்று: வெட்டுவதா, கதிர் கொடுப்பதா?

கீழுதட்டில் ஆறாத புண் இருந்தது, சதை எடுத்துப் பார்த்ததில் புற்று என்று முடிவு வந்துவிட்டது. உடனே வீட்டில் எழும் பயம், "ஆள் பிழைப்பாரா?" என்பதுதான். பெரும்பாலும் பிழைப்பார். கட்டி 2 சென்ரிமீற்றருக்குள் இருந்து, கழுத்தில் நெறி கட்டாமல் சிகிச்சைக்கு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேரளவில் ஐந்து வருடம் தாண்டுகிறார்கள். கழுத்துக்குப் பரவிவிட்டால் அந்த வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகிறது.

ஆரம்பக் கட்டத்தில் சத்திரசிகிச்சை, கதிர்ச்சிகிச்சை இரண்டும் உயிரைக் காப்பதில் கிட்டத்தட்ட சமம். அப்படியென்றால் எதை வைத்துத் தெரிவு செய்வது?

கதிரின் பெரிய நன்மை, உதட்டின் வடிவம் அவ்வளவாகக் கெடாது. மயக்க மருந்து தாங்காத முதியவருக்கு அது நல்ல வழி. ஆனால் வழக்கமான முறையில் வாரக்கணக்கில், சனி ஞாயிறு தவிர தினமும் போக வேண்டும். திருகோணமலைப் பக்கம் மூதூரிலோ குச்சவெளியிலோ இருப்பவரை தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பினாலும் மகரகமவில் உள்ளதற்கு அனுப்பினாலும் அங்கேயே தங்கத்தான் வேண்டிவரும். சிகிச்சை இலவசம்தான், ஆனால் மீன்பிடிப்பவர் கடலுக்குப் போகாத நாட்களின் வருமானத்தை யார் தருவது? அப்புறம் பல். கதிர் பட்ட தாடையில் பிறகு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் போகலாம். வருடக்கணக்காக வெற்றிலை போட்டுப் பல் கெட்டவர் முதலில் பல் வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

சத்திரசிகிச்சையில் சிறிய கட்டியை ஆப்பு வடிவில் வெட்டித் தைத்துவிடுவார்கள். உதட்டின் மூன்றில் ஒரு பங்கு போனாலும் இப்படி மூடலாம், வாய் கொஞ்சம் சிறுக்கும். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. வெட்டிய சதையை ஆய்வுகூடத்தில் பார்த்தால் புற்று எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, ஓரம் சுத்தமா, நரம்பைத் தொட்டதா என்றெல்லாம் தெரியும். இனி என்ன ஆகும் என்பதைச் சொல்வது அந்த அறிக்கைதான். நோய் திரும்பினாலும் கதிர் கையிருப்பில் இருக்கும். ஒருமுறை முழுக் கதிர் கொடுத்த இடத்தில் மறுபடி கொடுப்பது கடினம்.

ஆகவே வெயிலில் தொழில் செய்யும், உடல் தாங்கக்கூடிய ஒருவருக்குச் சின்னப் புண் என்றால் நான் வெட்டுவதையே சொல்வேன். மேலுதடு, வாயோரம் என்றால் கழுத்தைக் கூடுதல் கவனமாகப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கிருந்து பரவல் சீக்கிரம் நடக்கும். நரம்பைத் தொட்டிருந்தாலோ கழுத்தில் பல நெறிகளுக்குப் பரவியிருந்தாலோ இரண்டு சிகிச்சையும் தேவைப்படலாம்.

களிம்பு பூசிக்கொண்டு காத்திருப்பதை மட்டும் மூன்றாவது வழியாக எண்ண வேண்டாம். மூன்று வாரத்தில் ஆறாத புண்ணை வைத்தியரிடம் காட்டுங்கள். சிகிச்சை முடிந்தவர்களும் முதல் இரண்டு வருடம் கிளினிக்கைத் தவறவிடக் கூடாது, திரும்பி வருவது பெரும்பாலும் அந்தக் காலத்தில்தான்.