மருந்தின் பாதுகாப்பு: நடுப்புள்ளியை அளப்பதா, ஓரத்தை அளப்பதா?

மருந்தியலாளர்கள் வழக்கமாகக் கையில் எடுப்பது சிகிச்சைக் குறியீடு. பாதிப் பேருக்கு நச்சாகும் அளவை, பாதிப் பேருக்குப் பலன் தரும் அளவால் வகுக்க வேண்டும், அவ்வளவுதான். விலங்குச் சோதனையில் நச்சு அளவுக்குப் பதில், பாதி விலங்குகளைக் கொல்லும் அளவு. இந்தக் கொல்லும் அளவு, பிரிட்டிஷ் மருந்தியலாளர் ட்ரெவன் 1927இல் கொண்டுவந்தது.

இன்னொன்று உறுதிப் பாதுகாப்புக் காரணி. இதில் 1 சதவீதத்தினருக்கு நச்சாகும் அளவை, 99 சதவீதத்தினருக்குப் பலிக்கும் அளவால் வகுக்கிறார்கள்.

வித்தியாசம் பெரிதா? ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். இரண்டு மருந்துகள், இரண்டுமே பாதிப் பேருக்கு 10 மில்லிகிராமில் பலன், 100இல் நச்சு. குறியீடு இரண்டுக்கும் 10. ஆனால் முதல் மருந்து 99 பேருக்கு 20இலேயே பலிக்கிறது, 50இல்தான் முதல் ஆளுக்கு நச்சாகிறது: காரணி 2.5. இரண்டாவதற்கு 99 பேரை எட்ட 50 வேண்டும். நச்சோ 20இலேயே தலைகாட்டிவிடுகிறது. காரணி 0.4. அதாவது எல்லோரையும் குணமாக்கும் முன்பே சிலருக்கு விஷமாகிவிடும். நடுப்புள்ளியை மட்டும் பார்த்தவருக்கு இது தெரியவே தெரியாது.

அப்போ காரணியே மேல் என்பீர்கள். என் ஓட்டும் அதற்குத்தான். சிக்கல் என்னவென்றால், அந்த ஓர 1 சதவீதத்தை நம்பகமாக அளக்க நிறையப் பேர் தேவை; நடுப்புள்ளிக்குக் கொஞ்சம் போதும்.

மனநிலை ஏற்ற இறக்க நோய்க்குத் தரும் லித்தியம் போன்ற மருந்துக்கு இரண்டு எண்ணுமே போதாது. ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லிமோல் வரை சரி, 1.5ஐத் தாண்டினால் கை நடுக்கம், வாந்தி. அங்கே ஆளாளுக்கு ரத்தத்தைத்தான் சோதிக்கிறார்கள்.